வாய்க்குத்தான் சத்தியம்

அம்பத்தூர்
8-1-2024

தம்பி பரசுராமனுக்கு அக்கா பூங்காவனம் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் படவேட்டு அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். நலமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் மகன் தனசேகரன் லாவண்யாவிடம் போனில் எல்லாம் சொன்னான். கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மளிகைக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாயாம். ஆஞ்சியோ எடுத்ததில் இதயத்துக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் முழுசாக அடைத்துக் கிடக்கிறதாம். அதுவும் நேற்று இன்று வந்ததில்லை, வருஷக்கணக்கான அடைப்பு என்றார்களாம். எனக்கு ஆச்சரியமே இல்லை. உன் நெஞ்சு அடைத்துப்போய் ஆறு வருஷம் ஆகிறது என்பது டாக்டருக்கு முன்பே எனக்குத் தெரியும்.

இதென்ன திடீர்க் கடிதம் என்று நினைப்பாய். என் பெண் லாவண்யாவை உன் மகனுக்குக் கொடுக்கவில்லை என்று படவேட்டில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்தாய். தனசேகரன் தலையில் கை வைத்து, "இனி உன்னாண்ட பேசினா என் புள்ளைக்கு ஆகாது" என்று சத்தியம் செய்தாய். நான் மட்டும் லேசுப்பட்டவளா? லாவண்யா தலையில் கை வைத்து நானும் அதையே சொன்னேன். ஆனால் அம்மன் முன்னால் நாம் சொன்னது வாய்ப்பேச்சை. கையால் எழுதுவதைப் பற்றி நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன என்கிறாள் லாவண்யா. போனைக் கையில் எடுத்தாலே பேசிய கணக்கு ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். தபால்தான் சரி.

இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிப் பழைய அடைப்பைக் கம்பி விட்டுத் திறக்கிற டாக்டர் இருக்கிறார். வந்து காட்டு. தானாடாவிட்டாலும் தசையாடும் என்பார்கள். எனக்கு ஆடுகிறது. உனக்கு எப்படியோ.

உடம்பைப் பார்த்துக்கொள். கறி தின்னாதே.

அக்கா
பூங்காவனம்

ஆரணி
24-1-2024

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. உன் சுகமும் மாமா சுகமும் அறிந்தேன். என் சுகத்தை நீயே எழுதிவிட்டாய், மிச்சம் வைக்கவில்லை.

கையெழுத்துக்குச் சத்தியம் இல்லை என்று கண்டுபிடிக்க உனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. என் பெண்டாட்டி செத்தபோது வந்து மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாயே, அப்போது இந்த யோசனை வந்திருக்கக் கூடாதா? இரண்டு வரி எழுதியிருந்தால் படித்திருப்பேன்.

நெஞ்சுவலி எனக்குப் புதுசில்லை. தறியில் குனிந்து குனிந்து, நெய்த துணி சுற்றுகிற படமரம் நெஞ்சில் இடிக்கிறது, அந்த வலிதான் என்று எண்ணெய் தடவிக்கொண்டு கிடந்தேன். எங்கள் தெருவில் நெஞ்சு வலிக்காத நெசவாளி யார்? எல்லோரும் படமரத்தைத்தான் திட்டுகிறோம். டாக்டர் சிரித்தார். "தறி மேல பழி போட்டு இத்தனை வருஷத்தை ஓட்டிட்டீங்களே" என்றார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். பெரிய குழாய் அடைத்ததும் பக்கத்துச் சின்னச் சின்னக் கிளைகள் வழியாக ரத்தம் எப்படியோ போய்ச் சேர்கிறதாம். அதனால்தான் உயிரோடு இருக்கிறேனாம். ஆனால் அது பத்தாது, படி ஏறினால் மூச்சு வாங்கும் என்றார். நான் எதற்குப் படி ஏறப் போகிறேன்? மாத்திரை போதும். சென்னைக்கு வந்து உன் தெருவில் போய்க்கொண்டு, உன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு இங்கேயே கிடக்கலாம்.

மாமாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? கேட்டதாகச் சொல்.

பரசுராமன்

அம்பத்தூர்
5-2-2024

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, அவர் புத்தி மாதிரி.

படி ஏறவில்லை என்கிறாய். தனசேகரன் சொல்கிறான், தறிப்பள்ளத்தில் இறங்கி ஏறவே உனக்கு முடியவில்லையாம். ஒரு சேலைக்குப் பாதி நெய்துவிட்டு மல்லாந்து படுத்துக்கொள்கிறாயாம். யாரிடம் மறைக்கிறாய்? நான் உன் ஆஞ்சியோ படங்களை எல்லாம் அவனிடம் வாங்கி அந்த டாக்டரிடம் நேரில் காட்டிவிட்டேன். மணிக்கட்டு வழியாக ஒரு கம்பி, தொடை வழியாக ஒரு கம்பி, இரண்டு பக்கத்திலிருந்தும் போய் அடைப்பைத் துளைப்பார்களாம். நெஞ்சைக் கிழிக்க வேண்டாம். அப்படியே விட்டால் அடுத்த தடவை மளிகைக்கடைப் படியிலிருந்து எழுந்திருக்க மாட்டார் என்றார். இதற்கு மேல் உனக்கு என்ன சொல்ல?

பழசைக் கிளறினாய், அதனால் நானும் சொல்கிறேன். லாவண்யா படித்தவள். அவள் ஆசைப்பட்ட இடத்தில் கொடுத்தேன். தறிக்காரனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று நான் சொன்னது உண்மை. நானே தறிக்காரன் வீட்டில் பிறந்தவள், எனக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. தாய்மாமன் என்றால் பெண்ணை எழுதி வாங்கிக்கொண்டவன் என்று அர்த்தமா?

ஏப்ரலில் நாள் கேட்டிருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

பூங்காவனம்

ஆரணி
9-3-2024

அக்காவுக்கு. சுகம். உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. முதல் வாரம் கோபத்தில் எழுதவில்லை. பிறகு முடியாமல் எழுதவில்லை.

இதை தனசேகரனிடம் சொல்லாதே. போன வாரம் குளித்துவிட்டுத் தலை துவட்டுகிறபோதே மூச்சு நின்றுவிடும் போல் இருந்தது. துண்டைப் பிடிக்கத் தெம்பில்லை. எனக்கு உயிர்மேல் ஆசை வந்துவிட்டது அக்கா. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வருகிறேன்.

ஆனால் ஒன்று. சத்தியத்தோடு அந்த மேஜையில் படுக்க எனக்கு மனசில்லை. விடுபடாமல் ஒருத்தர் செத்துப்போனால் பிள்ளை தலையில் அது அப்படியே நின்றுவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அணைத்த இடத்திலேயே இரண்டு பேரும் சேர்ந்து நின்று கற்பூரம் ஏற்றினால்தான் விடுபடும். படவேட்டுப் பூசாரியிடம் கேட்டுவிட்டேன். "ஒருத்தர் மட்டும் வந்தா செல்லாதுபா, ஜோடியா வாங்க" என்றார்.

பங்குனியில் எந்த வெள்ளிக்கிழமை வந்தாலும் நான் அங்கே இருப்பேன். வா என்று கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இருப்பேன் என்று மட்டும் சொல்கிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

பரசுராமன்

அம்பத்தூர்
16-3-2024

தம்பிக்கு. நலம். உன் நலம் உன் வீம்பைப் பொறுத்தது.

இருப்பேன் என்கிறாய், வா என்று சொல்ல வாய் வரவில்லை. எழுதக் கைகூட வரவில்லை. முதலில் கற்பூரத்தை அணைத்தவன் யார்? நீ அணைத்தாய், அதைப் பார்த்து நான் அணைத்தேன். அப்படியென்றால் முறையாக நீதான் என்னை அழைக்க வேண்டும். பிறந்தவீட்டார் பெண்ணை அழைக்கிற முறை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டில் பூ, பழம், ஒரு சேலை வைத்து வாசலுக்கு வந்து கூப்பிடு. பேச வேண்டாம், தட்டை நீட்டினால் போதும். ஊர் உலகத்துப் பெண்களுக்கெல்லாம் கல்யாணப் பட்டு நெய்து கொடுக்கிறவன், கூடப் பிறந்தவளுக்கு ஒரு தட்டு எடுக்கக் கை கூசுகிறதா?

எங்கள் வீட்டுக்காரர் பக்கத்து ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கூப்பிடாமல் ஓடினாள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

தூக்கம் வருகிறதா? தலையணையை உயர்த்தி வைத்துப் படு.

பூங்காவனம்

ஆரணி
22-4-2024

அக்காவுக்கு. உயிரோடு வீடு வந்து சேர்ந்தேன். அங்கே மாமா சுகம்தானே?

பங்குனி போயிற்று. நான் தட்டு எடுத்து வரவில்லை, நீ படவேட்டுக்கு வரவில்லை. சத்தியத்தோடுதான் மேஜையில் படுத்தேன்.

மயக்கம் கொடுக்க மாட்டார்களாம், அது எனக்குத் தெரியாது. முழித்துக்கொண்டு கிடந்தேன். குளிர் பிடுங்கி எடுத்தது. மேலே டிவி மாதிரி ஒன்றில் என் நெஞ்சே ஓடிக்கொண்டிருந்தது. முடியைவிட மெல்லிசான கம்பி, தறியில் அறுந்த இழையை அச்சுக்கண்ணில் கோக்கிற மாதிரிப் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டார் டாக்டர். "பெரியவரே, வலிச்சா உடனே வாயத் திறந்து சொல்லணும், பல்லக் கடிச்சிக்கினு இருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மதியம் வரைக்கும் முட்டிப் பார்த்தார்கள். கம்பி போகவில்லை. உள்ளே கல்லாக இறுகிக் கிடக்கிறதாம். இதற்கு மேல் மருந்தும் எக்ஸ்ரே கதிரும் உடம்புக்கு ஆகாது, இரண்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள், பக்கக் கிளை வழியாகப் பின்பக்கமாகப் போய்ப் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்.

வெளியே கொண்டுவந்தபோது கதவைப் பார்த்தேன். தனசேகரன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். நீ கீழே கேன்டீனில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாய் என்று அவன் பிறகு சொன்னான். அவ்வளவு தூரம் வந்தவளுக்கு லிப்டில் ஏறத் தெரியவில்லையா? காபி நன்றாக இருந்ததா?

பரசுராமன்

அம்பத்தூர்
3-5-2024

தம்பிக்கு அநேக ஆசீர்வாதம். நீ வீடு சேர்ந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. வெயிலில் அலையாதே.

காபி வாயில் வைக்க முடியவில்லை. நான் ஏன் மேலே வரவில்லை என்று கேட்கிறாய். உன்னை அந்தக் கோலத்தில் பார்த்தால் என்னை மீறி வாய் திறந்துவிடும். அந்தப் பயம்தான். முன்பானால் திறந்தால் திறக்கட்டும் என்று விட்டிருப்பேன். இப்போது லாவண்யா முழுகாமல் இருக்கிறாள். அவள் தலையில் கை வைத்துச் சொன்னதை இந்த நேரத்தில் நான் மீற முடியுமா? வயிற்றில் இருப்பதற்கு ஒன்று ஆனால் நான் உயிரோடு இருப்பேனா? நீயே சொல்.

தட்டெல்லாம் வேண்டாம் பரசு. வீம்பில் எழுதினேன். உனக்கு இரண்டாம் தடவை ஜூலையில் என்றானாமே தனசேகரன். அது நல்லபடியாக முடியட்டும். ஆடி முதல் வெள்ளிக்கு நானும் வருகிறேன், நீயும் வா. படவேட்டில் சேர்ந்து நின்று கற்பூரம் ஏற்றிவிட்டு அங்கேயே வாய்விட்டுச் சண்டை போடலாம். உன்னைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது, எழுதிக் கட்டுப்படி ஆகவில்லை.

உப்பைக் குறை.

அக்கா

ஆரணி
20-6-2024

அன்புள்ள அக்காவுக்கு. சுகம், உன் சுகமும் லாவண்யா சுகமும் வேண்டுகிறேன். அவளுக்கு மாமன் ஆசீர்வாதம் சொல். அவள்மேல் எனக்கு எப்போதும் கோபம் இல்லை, இருந்ததெல்லாம் உன்மேல்தான்.

ஆடி முதல் வெள்ளி. சரி. வருகிறேன்.

ஜூலை ஒன்பதாம் தேதி மறுபடி கம்பி விடுகிறார்கள். போன தடவை தெரியாமல் போனேன், பயமில்லை. இந்தத் தடவை தெரிந்துகொண்டு போகிறேன். இந்த முறை கேன்டீனில் உட்காராதே. மேலே வா. பேச வேண்டாம். நீயும் பேசாதே, நானும் பேச மாட்டேன், பிள்ளைகள் தலைக்கு ஒன்றும் வராது. கட்டிலண்டை சும்மா இரு. அது போதும் எனக்கு.

பரசு

அம்பத்தூர்
10-7-2024

பரசுராமனுக்கு. இங்கே நான் நலமாக இல்லை.

கட்டிலண்டை இரு என்று எழுதினாய். நேற்று அடைப்பைத் திறந்துவிட்டார்கள் என்று தனசேகரன் சொன்னதும் ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். இன்று காலை உன்னை ரூமுக்கு மாற்றினார்கள் என்றதும் வெறும் வயிற்றோடு ஓடி வந்தேன். "அத்தை, நீங்க பார்த்துக்கோங்க, ஜல்தியா மருந்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று அவன் கீழே போனான். ஆறு வருஷம் கழித்து நீயும் நானும் மட்டும் ஒரு ரூமில். முதலில் என்னைப் பார்த்தாயே, அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்புறம் என்ன ஆயிற்று உனக்கு? ஏசி ஓடுகிற ரூமில் உனக்கு வேர்த்துக் கொட்டியது. பழசெல்லாம் ஞாபகம் வந்து கொதிக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாய். தலையணையைச் சரிசெய்ய வந்தேன், என் கையைப் பிடித்து உதறினாய். கதவைப் பார்த்துக் கையை ஆட்டினாய். போ என்கிறாய் என்று நம்ப முடியாமல் அங்கேயே நின்றேன். மறுபடியும் கதவைக் காட்டினாய். மறுபடியும். முறைத்த முறைப்பு இருக்கிறதே, நம் அப்பாகூட என்னை அப்படி முறைத்ததில்லை. வரச்சொல்லி எழுதிவிட்டு, வந்தவளை நாயை விரட்டுகிற மாதிரி விரட்டுகிறாய். தறிக்காரனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதற்கு இப்படிப் பழி தீர்த்துக்கொண்டாயா?

வாயில் வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல் இதை எழுதுகிறேன். இப்போதே கொண்டுபோய்த் தபாலில் போடப் போகிறேன். ஆறவிட்டால் போட மாட்டேன்.

ஆடி வெள்ளிக்கு என்னை எதிர்பார்க்காதே. நெஞ்சுக்குழாயைத் திறந்துவிட்டார்கள், நீ திறக்கவில்லை.

மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடு.

பூங்காவனம்

ஆரணி
28-7-2024

அத்தைக்கு தனசேகரன் எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன். அங்கே மாமாவும் லாவண்யாவும் நலமாக இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு நீங்கள் எழுதிய கடைசிக் கடிதம், அவருக்குப் பால் தெளித்துவிட்டு வந்த மறுநாள் தபாலில் வந்தது. அவர் பெயருக்கு வந்ததை நான் பிரித்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் வந்து, "நான் கிளம்பறப்ப நல்லாத்தானே படுத்துக்கினு இருந்தான், ஒரு குறையும் சொல்லலியே" என்று எல்லோர் நடுவிலும் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது, நான் அதைப் படித்து முடித்திருந்தேன். சபையில் கேட்க வேண்டாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று நடந்ததை டாக்டர் எனக்கு விளங்கச் சொன்னார். கம்பி போன சின்னக் கிளையில் எங்கேயோ ஊசிமுனை அளவுக்குக் கிழிசல். முதல் நாள் தெரியவில்லை. இந்த மாதிரிப் பழைய அடைப்பில் எப்போதாவது இப்படி நடக்குமாம், அதற்காகத்தான் வலித்தால் சொல்லு, மூச்சு முட்டினால் சொல்லு என்று படித்துப் படித்துச் சொல்கிறார்களாம். ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இதயத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அமுக்கிவிட்டது. ஊசி போட்டு அதை உறிஞ்சி எடுத்துவிடலாமாம், சீக்கிரம் தெரிந்தால். அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "கூட யாரும் இல்லையா?" என்பதுதான். "எங்க அத்தை இருந்தாங்க சார், நல்லாயிருந்தாருன்னு கிளம்பியிருப்பாங்க" என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

அப்பா உங்களை விரட்டவில்லை, அத்தை. கதவைக் காட்டியது நர்ஸைக் கூப்பிடச் சொல்லி. கூப்பிடுகிற மணி கட்டிலுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. காலை மடக்கக் கூடாது, எழக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். உங்களைத் தவிர அவருக்கு அந்த ரூமில் வேறு யாருமில்லை.

நான் மருந்தோடு திரும்பி வந்தபோது அவருக்கு நினைவு இருந்தது. உதடு நீலமாகிவிட்டிருந்தது. கத்தி எல்லோரையும் கூப்பிட்டேன். "இன்னாப்பா, வலிச்சா அத்தையாண்ட சொல்றதுதானே?" என்று அழுதேன். குரல் எழும்பவில்லை அவருக்கு. கையைத் தூக்கி என் தலையில் வைத்தார். ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் அந்தக் கை எதற்கு என் தலைக்கு வந்தது என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே மூச்சு முட்டுகிறபோதும் என் தலைக்கு ஒன்றும் வரக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

நீங்கள் "என்னடா செய்யுது" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். லாவண்யாவுக்காகக் கேட்கவில்லை. அதுவும் எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

இதை லாவண்யாவிடம் சொல்ல மாட்டேன், இந்த நேரத்தில் அவளுக்குத் தெரிய வேண்டாம். அவளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். அப்பா நெய்துகொண்டிருந்த சேலையை நானே முடித்து முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். வீட்டில் உங்களுக்குத் தர ஒன்றும் இல்லை.

போனில் இரண்டு தடவை கூப்பிட்டீர்கள், நான் எடுக்கவில்லை. அப்பா போல் நானும் ஏதாவது சபதம் போட்டிருக்கிறேனோ என்று லாவண்யாவிடம் கேட்டீர்களாம். இல்லை அத்தை. நான் எந்தச் சாமி முன்னாலும் எதையும் அணைக்கவில்லை, யார் தலையிலும் கை வைக்கவில்லை. உங்களோடு பேச எனக்கு ஒரு தடையும் கிடையாது. பேசப் பிடிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனசேகரன்